பச்சை விளக்கும் ஒரு சிறுத்தையும்

தினமும் காலையில் காபிக்கு முன்னால் என்னைப் பயமுறுத்துவார்கள். எங்கள் அடுக்ககச் செயலர் திருமூர்த்தி பூனை மாதிரிப் பின்னால் வந்து, காகிதப் பையை ஊதி, என் காதோரம் பட்டென்று உடைப்பார். நான் கூரையில் தலை இடிக்கிற உயரத்துக்குத் துள்ளுவேன். மணிக்கட்டில் கட்டிய துடிப்புப் பட்டை அலறும். வரவேற்புக் கூடத்துப் பலகையில் பச்சை விளக்கு சிவப்பாகும். எல்லா மாடிக் கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். "நல்லாப் பயப்படறீங்க சார்" என்று பாராட்டிவிட்டுப் போவார்.

ஓய்வுபெற்ற பின் எனக்குக் கிடைத்த பதவி இது: பயக்காவலர்.

மற்ற எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அச்சத்தணிப்பி உண்டு. கூல் சிப் என்பார்கள். ஒரு திருவிழாவில் கூட்டம் வெருண்டோடிப் பலர் மிதிபட்ட பிறகு அரசு அதைக் கட்டாயமாக்கியது. நெரிசல் நின்றது. ஆனால் திரைச்சீலை எரிய எரிய அதன் கீழே உட்கார்ந்து ஒரு குடும்பமே இட்லி சாப்பிட்டு முடித்ததாம். வடையும் சாப்பிட்டார்கள் என்று நான் சேர்த்துச் சொல்வேன். அதனால் புதுச் சட்டம்: கட்டடத்துக்கு ஒருவராவது பயம் உள்ளவர் வேண்டும். எங்கள் கட்டடத்தில் என் சிப்பைக் கழற்றினார்கள். என் இதயம் ஓடினால் ஆபத்து. பலகை பச்சையாக இருந்தால் எதை நோக்கியும் நடக்கலாம்.

என் மனைவி சம்பூரணத்துக்குச் சிப் உண்டு. நான் ஊதிப் பெரிதாக்கும் கதைகளின் காற்றைப் பிடுங்குவதே அவள் பொழுதுபோக்கு.

அன்று கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறோம். வாசல் திறந்துதான் கிடக்கும். சிறுத்தை உள்ளே வந்தது. லாரி அளவு. சரி, வேன் அளவு.

நான் துள்ளவில்லை. உடம்பு கல்லாகிவிட்டது, இமைகூட அசையவில்லை. இதயம் ஓடும் என்று பார்த்தால், சேற்றில் கால் வைத்ததுபோல மெதுவாகியது. பருந்தின் நிழல் விழுந்த முயலுக்கும் இப்படித்தான் ஆகும் என்று பிறகு டாக்டர் சொன்னார். காகிதப் பைக்கு ஓடுகிற இதயம், சாவைப் பார்த்தால் பதுங்கும். பட்டைக்கு ஓட்டம் மட்டுமே தெரியும். அது எனக்கு ஆழ்ந்த நிம்மதி என்று எழுதிக்கொண்டது. பலகை பச்சை.

லிஃப்ட் திறந்தது. என் காபியோடு சம்பூரணம். அவளுக்கும் எனக்கும் நடுவில் சிறுத்தை. அதைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"ஆரு ஊட்டுப் பூனைங்க இது?" என்றபடி நடந்து வந்தாள்.

கத்த நினைத்தேன். உதடுகூடப் பிரியவில்லை. சிறுத்தையின் காதுகள் மெல்லப் பின்னால் படிந்தன. இன்னும் ஓரடி வைத்தால் தொட்டுவிடுவாள்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பேச்சைக் காணோம்?"

நான் பேசவில்லை. அவள் நின்றாள். அப்படியே, திரும்பாமல், பின்னோக்கி நடந்து லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடியது. சிறுத்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாசல் வழியே மலைக்குப் போனது. அது போன பிறகுதான் என் இதயம் ஓடத் தொடங்கி, விளக்கு சிவந்தது.

விஷயம் கேட்டு வந்த திருமூர்த்தி, பச்சை தெரிந்ததே என்று புலம்பிக்கொண்டு நின்றார். "பச்சை கெடக்குதுங்க" என்றாள் சம்பூரணம். "இவ்வளவு பெரிய பூனைக்கு இவரு இந்நேரம் பத்துப் பொய் சொல்லியிருக்கோணும். வாயே தொறக்கல."

அடுத்த வாரம் அவளாகவே கேட்டுச் சிப்பைக் கழற்றிக்கொண்டாள். விளக்கைவிட அவளை நம்பலாம் என்று அடுக்ககச் சங்கமும் ஒப்புக்கொண்டது.

சிப்பைக் கழற்றிய அன்று மாலை திருமூர்த்திக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். லாரி அளவு, பல் ஒவ்வொன்றும் வாழைக்காய் என்று வந்தபோது பக்கத்தில் கிண்டலே எழவில்லை. திரும்பினேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காபி சேலையில் சிந்துவதுகூடத் தெரியவில்லை. அவள் அந்தச் சிறுத்தையை இப்போதுதான் பார்க்கிறாள்.

டம்ளரை வாங்கி வைத்தேன்.

"நாய் அளவுதான் இருந்துச்சு" என்றேன். "சின்ன நாய்."