நாலு நிமிடம் மறைந்த வெளிச்சம்

ஜெரால்ட் சுவரோரமாகக் கிடந்தான். குப்புற!

பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. அறை நடுவில் ஏணி, அதையொட்டி ஒரு மேஜை.

கணவனைத் தொடப்போன ஹெலனின் முகத்துக்கு நேரே ஒரு காகிதம் நீண்டது. நீட்டியவர் ஃபேக்டரி மேனேஜர் பூவராகவன்.

"குடிச்சிட்டு ஏணி ஏறியிருக்கான்மா. ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடப் போனப்ப விழுந்துட்டான். கையெழுத்துப் போடு."

"குடியா? நாஷ்டா கூட துன்னாம ஷிப்ட் பஸ்ஸைப் புடிச்ச மனுஷன் சார் அது!"

போட்டால், ஜெரால்ட் குடிகாரனாகவே புதைக்கப்படுவான். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரை ஊரே அதையேதான் பேசும்.

அவள் பேனாவை வாங்கவில்லை.

விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் கல்பனா கூரையை அண்ணாந்து பார்த்தாள். கடுகைவிடச் சின்ன எல்இடிகள்... கூட்டமாய்!

"இன்னா லைட்டு இது?"

பூவராகவன் நெஞ்சை நிமிர்த்தினார். "வெளிச்சத்துலயே டேட்டா அனுப்பும் மேடம்! கண்ணுக்குத் தெரியாத வேகத்துல மினுக்கும். மேஜையில இருக்கற ரிசீவர் அதைப் புடிச்சு, பக்கத்து ரூம் திரையில படமா காட்டும். இன்னிக்கு வெளிநாட்டு பார்ட்டிக்கு டெமோ. பதினொன்னே முக்காலுக்கு நாலு நிமிஷம் படம் நின்னுச்சு. நானே வந்து சரி பண்ணேன்... கை தட்டினாங்க!"

ஹெலன் விருட்டென்று திரும்பினாள். அந்த ரிசீவர்களை மைக்ராஸ்கோப்பில் சோதிப்பதுதான் மூன்று வருடமாக இதே ஃபேக்டரியில் அவள் வேலை.

"இன்னா கோளாறு சார்?"

"தூசிம்மா. துடைச்சேன்."

"தூசி படிஞ்சா படம் திக்கித் திக்கி ஓடும். சுத்தமா நிக்காது. வெளிச்சத்தை ஏதாச்சும் முழுசா மறைச்சாத்தான்..."

அவள் பார்வை மேஜைக்குத் தாவியது.

கல்பனா மேஜையின் மேல் குனிந்தாள். ரிசீவரின் இடுக்கில்... ரத்தம்!

"இதும்மேலதான வுயுந்து கெடந்தாரு? நீதான இஸ்துகினு போய் செவுத்தோரம் போட்டே?" ஹெலன் அலறினாள்.

"நான் தள்ளல! லைட்டைத் திருப்பி வைக்க ஏறச் சொன்னேன்... அவனாத்தான் விழுந்தான்!"

"உயிர் இருந்துச்சா?" கல்பனா கேட்டாள்.

பூவராகவன் கைக்குட்டையைத் தேடினார்.

"மொனகினான் மேடம்... டெமோ முடியட்டுமேன்னு..."

ஹெலன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொலையோ என்று சந்தேகப்பட்டவளுக்குக் கிடைத்தது இதுதான். ஜெரால்ட் இங்கே முனகிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் கை தட்டல்!

"ஆம்புலன்சுக்கு ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணக்கூடாதா சார்?"

"டெமோ ரூம்ல... செல்போன் அலவ்டு இல்ல..."

கல்பனா கையை நீட்டினாள்.

"லாக்கப்லயும் அதே ரூல்தான் சார். போனைக் குடுங்க!"