மூன்று முறை அணைத்த விளக்கு

பூட்டிய அறைக்குள் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லேப்டாப் திரையில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அது தானாக எரியாது. நாகர்கோவிலில் மீன் ஏற்றுமதி கம்பெனியின் சர்வர் அறைக்குள் போய், சர்வரின் முகப்பில் உள்ள பொத்தானை ஒருவர் அமுக்க வேண்டும். இல்லையென்றால் குளச்சலில் தன் வீட்டில் இருக்கும் ஜாஸ்பின் லேப்டாப்பில் அமுக்க வேண்டும். ஜாஸ்பின் அமுக்கவில்லை.

வாட்ச்மேன் ராஜகுமாருக்குப் போன் போட்டாள். அறை பூட்டித்தான் கிடக்கிறது, ராஜமணி அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை, தன்னையும் போகச் சொல்லாதீர்கள் என்றான்.

ஆறு வருஷமாக அந்த சர்வரைக் கவனிக்கும் வேலையில் ராஜமணி அங்கே, அவள் இங்கே. அறைக்குள் நுழைந்ததும் அவர் நீல விளக்கைப் போடுவார். நான் வந்துட்டேன், தொடங்கு என்று அர்த்தம். வேலை முடிந்ததும் அதை மறந்துவிட்டுப் போவார். அவள் இங்கிருந்தே அணைத்துவிட்டு, மறதிக்கு மருந்து வாங்கித் தின்னும் அண்ணே என்று மறுநாள் கிண்டலடிப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலமும் விளக்கு எரிந்தது. அணைத்தாள். மறுபடி எரிந்தது. அணைத்தாள். மறுபடியும். பொத்தானில் ஏதோ கோளாறு என்று எரிச்சலோடு அணைத்துவிட்டு மீன் கழுவப் போனாள். அதன்பின் எரியவில்லை. காலையில் சர்வருக்கு முன்னால் தரையில் கிடந்தார் ராஜமணி. நெஞ்சுவலி. போன் எட்டாத தூரத்தில் மேசைமேல். ஒரு கை மட்டும் பொத்தானைப் பார்த்து நீண்டபடி விறைத்திருந்தது.

அடக்கத்தன்று அவர் மனைவி ரீத்தா இவள் கையை விடவே இல்லை.

"ஒரே நொடியில போயிருப்பாரு, இல்லியா மக்கா? கெடந்து துடிச்சிருக்க மாட்டாருல்லா?"

"இல்ல மைனி."

வெள்ளிக்கிழமை சர்வர் படுத்துவிட்டது. திங்களன்று திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வந்து திறந்து பார்ப்பான். சர்வர் செத்துக் கிடந்தாலும் அதற்குள் ஒரு சின்ன அட்டை மட்டும் உறங்காது. கரண்ட் இருக்கும்வரை முழித்திருந்து, எந்த நிமிஷத்தில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கும். அதில் அந்தச் சாயங்காலத்து மூன்று வரிகள். விளக்கு அணைக்கப்பட்டது. மூன்றிலும் அவள் பெயர். அந்த வரிகள் ரீத்தா மைனி காதுக்குப் போகாமல் இருக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை வேலையை இவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

கோயிலில் கொடியேற்றம். அவளுடைய அம்மாவும் மகளும் போய்விட்டார்கள், தெருவே போய்விட்டது. நாலு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மீன்வலை காயும் உப்பு வாசமும், தூரத்து ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்து வந்த ஜெபமும், மின்விசிறியின் டக் டக்கும் மட்டுமே வீட்டுக்குள் இருந்தன.

பழுது பார்க்கும் டிஸ்க்கின் நகல் ஒரே கோப்பாக அவள் லேப்டாப்பில் இருந்தது. அதை இங்கே இணைத்தால், யாரோ பக்கத்தில் நின்று டிஸ்க்கைப் போட்டதாக அங்கே சர்வர் நம்பும், அதிலிருந்தே எழும்பும். எழும்பிவிட்டால் அட்டையைத் துடைத்துவிடலாம். நீல விளக்கை அணைத்தாள். கோப்பை இணைத்தாள். சர்வரை எழுப்பினாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்ந்தன. அந்தப் பெரிய இயந்திரம் அவள் லேப்டாப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிப்பதுபோல இருந்தது. கால் பெருவிரலில் குளிர் ஏறியது. ஏசி அறைக் குளிர். இந்த வீட்டில் ஏசி கிடையாது. குளிரோடு சேர்ந்து தைல வாசம். ராஜமணி தலைவலிக்கு நெற்றி நிறையத் தேய்த்துக்கொண்டு வரும் தைலம்.

அட்டையைத் துடைத்தாள். மூன்று வரிகளும் போயின.

வெறும் பக்கத்தில் புதிதாக ஒரு வரி விழுந்தது. விளக்கு போடப்பட்டது. முன்பக்கப் பொத்தான்.

அணைத்தாள். எரிந்தது. அணைத்தாள். எரிந்தது.

இந்த முறை அவள் விரல் போகவில்லை.

கோப்பைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. எதிர்முனை பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்றது திரை. நெட் ஒயரைப் பிடுங்கினாள். எழுத்துகள் நிற்கவில்லை. லேப்டாப்பை மூடினாள். மூடிய இடுக்கில் நீலம் கசிந்தது. இங்கிருந்து அங்கே கை நீட்ட வழி திறந்தவள் அவள்தான். அங்கிருந்து இங்கே நீளவும் அதே வழி போதும்.

ஒலிபெருக்கி நின்றுவிட்டிருந்தது. மின்விசிறியும்.

ராஜகுமாருக்குப் போன் போட்டாள். ஒரு தடவை மணி அடித்தது. யாரோ துண்டித்தார்கள். மறுபடி. துண்டிப்பு. மறுபடி. போனே அணைந்தது.

எழுந்தாள். கதவு. தாழ்ப்பாள் அசையவில்லை. ஜன்னல் வழியே தெரு கறுப்பாகக் கிடந்தது. முனையில் மட்டும் ஒரு குடை. யாரோ வருகிறார்கள். வாசல் விளக்கைப் போட்டால் பார்ப்பார்கள்.

சுவிட்சை அமுக்கினாள். வாசல் வெளிச்சமானது. குடை நின்றது.

அணைந்தது.

அமுக்கினாள். குடை இந்தப் பக்கம் திரும்பியது.

அணைந்தது.

மூன்றாவது முறை அமுக்கிய விரலை அவள் எடுக்கவில்லை. எடுக்காமல், முழு பலத்தையும் கொடுத்து, அப்படியே நின்றாள். விளக்கு எரிந்தது. குடை இரண்டடி எடுத்து வைத்தது.

தைல வாசம் அவள் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. தோளுக்கு மேலாக நீண்ட விறைத்த கை ஒன்று, அவள் விரலின் மேல் தன் விரலை மெதுவாக வைத்தது. வைத்து, அமுக்கியது. வாசல் இருண்டது.