பதினோரு மணிக்கு யாரும் நடப்பதில்லை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஊருக்கு நட்டநடுவே இருந்த திம்மப்பனின் மூன்று ஏக்கர் காலி நிலத்தை மாநகராட்சி பூங்காவுக்காக வாங்கிவிட்டது. எல்லைக் கல்லும் நட்டாகிவிட்டது. தெருப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாம் வகுப்பு ஹரிணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நிலத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை ஓடியது. அவள் அம்மா சுகுணா தினமும் அதில் நடந்துதான் ஜூஜுவாடிக்குப் போகும் ஐந்தே முக்கால் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். மதில் எழும்பிவிட்டால், லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

காலாண்டு விடுமுறை. பொறியாளர் ஆனந்தராஜ் வரைபடத்தோடு வந்ததும் ஹரிணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், பின்பக்கமும் ஒரு கேட் வெப்பீங்களா? இந்த வழியில நெறைய பேரு நடக்கறாங்க."

"நானும் மூணு நாளா பதினோரு மணிக்கு வர்றேன் பாப்பா. ஒரு ஆடுகூட நடக்கலையே?"

பக்கத்து வீட்டு நவீன்குமார் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "சும்மா இருடி! பார்க்கே வேணாம்னு போயிட்டாங்கன்னா ஊஞ்சல் போச்சு!"

"எனக்கும் ஊஞ்சல் வேணும்டா. அம்மாவுக்கு வழியும் வேணும்."

ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியும்போதே போய்விடுகிறார்கள். அதைப் பதினோரு மணிக்கு வருகிறவருக்கு எப்படிக் காட்டுவது?

அன்று சாயங்காலம் பாதையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினாள். சேற்றில் கால் பதியுமே!

மறுநாள் வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே ஆரம்பித்தாள். "எந்த மகராசனோ வழியில தண்ணி ஊத்தி வெச்சிருக்கான்டி! அத்தனை பேரும் முள்ளுமேல ஏறிப் போனோம். நாராயணம்மா தெலுங்குல திட்டறா, இன்னொருத்தி கன்னடத்துல திட்டறா..."

"நீ என்னம்மா பண்ணுன?"

"நான் மூணுலயும் திட்டுனேன்!"

ஹரிணி புத்தகத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள்.

சேறு வேண்டாம். யார் காலுக்கும் தொந்தரவு தராத ஒன்று வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்தவள், கோலமாவு டப்பாவையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கோலத்தை யாரும் மிதிக்க மாட்டாங்கடி," என்றான் நவீன்.

"கோலம் யாரு போடப்போறா? சும்மா சலிச்சு விடறோம். பிடி!"

முணுமுணுத்துக்கொண்டே அவன் டப்பாவைப் பிடித்தான். பத்தடி தூரத்துக்கு மாவை மெல்லிசாகச் சலித்துவிட்டார்கள்.

மறுநாள் பதினோரு மணி. பொறியாளர் குனிந்து பார்த்தார். ரப்பர் செருப்பு, கம்பெனி ஷூ, சைக்கிள் சக்கரம், வெறுங்கால். ஒன்றின்மேல் ஒன்றாக எண்ணவே முடியாத தடங்கள். நடுவில் ஒரு நாயும் போயிருந்தது.

"இந்த நேரத்துல எல்லாரும் வேலையில இருப்பாங்க சார். அதான் உங்க கண்ணுல படல," என்றாள் ஹரிணி.

அவர் பேனாவை எடுத்து, வரைபடத்தின் பின்பக்கச் சுவரில் ஒரு கேட் வரைந்தார். "காலையில ஆறு மணிக்குத் தொறக்கச் சொல்றேன். சந்தோஷமா?"

"அப்பாடா!" என்றான் நவீன். ஹரிணி நகரவில்லை.

"அம்மா பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு சார்."

"விடமாட்டியே நீ!" சிரித்துக்கொண்டே ஆறை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அவருடைய ஜீப் பின்தெருவில் நின்றது. நெடுஞ்சாலைப் பக்கமாகச் சுற்றிப் போகக் கிளம்பியவர், நான்கடி போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, அந்த ஒற்றையடிப் பாதையிலேயே நடந்தார்.