காற்றில்லாத வழியில் உப்புக் கப்பல்

பள்ளி ஆண்டு விழா தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. நாடகத்தில் கேப்டனாக நடிக்கும் அமலனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் ‘கிர்ர்’ என்ற சத்தம்தான் வந்தது.

நாடகத்தை எழுதிய ஜெபசுதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூத்துக்குடி உப்பை ஏற்றிக்கொண்டு, கடலே இல்லாத கிரகத்துக்கு வியாபாரத்துக்குப் போகிற விண்கப்பலின் கதை அது. வழியெல்லாம் விண்கற்கள். சிரிப்பு வசனங்கள் எல்லாம் கேப்டனுக்குத்தான்.

“கேப்டன், கல்லு வருது!”

“உப்புக்கல்லா, விண்கல்லா? நக்கிப் பாத்துச் சொல்லு!”

ஒத்திகையில் கிருபை டீச்சரே விழுந்து விழுந்து சிரித்த இடம் அது.

“எனக்கு எல்லா வசனமும் மனப்பாடம். தொப்பியைக் குடு, நானே கேப்டனாயிருதேன்” என்றான், நாடகத்தில் கப்பலை ஓட்டும் அபிலாஷ்.

அமலன் தொப்பியைக் கழற்றினான். கண் கலங்கியது. ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: ‘எங்கப்பா ஹார்பர் வேலைக்கு லீவு போட்டுட்டு வாராங்க.’

“ஒங்கப்பாவுக்கு ஹார்பர்ல என்னலே வேலை?” என்று கேட்டாள் ஜெபசுதா.

அமலன் கையை உயர்த்தி விரலைச் சுழற்றினான். கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. கிரேன் ஓட்டுபவர் மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த இரைச்சலில் கீழிருந்து கத்தினால் கேட்காது. தூக்கு, இறக்கு, நில் என்று எல்லாவற்றையும் கைதான் சொல்லும்.

ஜெபசுதா துள்ளினாள்.

“ஏலே, விண்வெளியிலயும் கேக்காதுலா! சத்தம் காத்துல ஏறித்தான் நம்ம காதுக்கு வரும். அங்கன காத்தே கிடையாது. ரேடியோவை ஒரு விண்கல்லு ஒடச்சுட்டுன்னு வச்சுக்குவோம். கேப்டன் வெளிய மிதந்துக்கிட்டே கையால வழி காட்டுதான். அபிலாஷ் ஜன்னல் வழியாப் பாத்து ஓட்டுதான்!”

“அப்ப உப்புக்கல்லு ஜோக்கு?” என்றான் அபிலாஷ்.

ஜெபசுதா நாடகத் தாளில் அந்த வரியைத் தேடி எடுத்தாள். அந்த ஒரு வரிக்காக மூன்று நாள் யோசித்திருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, அதன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள்.

“காத்தில்லாத எடத்துல எவன்லே ஜோக்கு சொல்லுவான்?”

மேடையில் அட்டைக் கற்கள் கயிற்றில் ஆடி வந்தன. அமலன் உள்ளங்கையை விரித்தான், கப்பல் நின்றது. கையை இடப்பக்கம் நீட்டினான், கப்பல் ஒதுங்கியது. பெரிய கல் ஒன்று உரசினாற்போலக் கடந்து போனது. அரங்கில் யாரும் மூச்சுவிடவில்லை.

ஒரு முறை அபிலாஷ் தப்பான பக்கம் திருப்ப, அமலன் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான். அரங்கமே சிரித்தது. அந்தச் சைகை மட்டும் துறைமுகத்தில் கிடையாது!

கப்பல் அந்தக் கிரகத்தில் இறங்கியபோது எழுந்த கைதட்டலில், பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. வாசலோரம் நின்ற அமலனின் அப்பா, அங்கிருந்தே கைகளை உயர்த்தி ஏதோ காட்டினார்.

“ஒங்கப்பா என்னலே சொல்லுதாவ?”

அமலன் ஜெபசுதாவின் காதருகே குனிந்து, கரகரத்த குரலில் சொன்னான்:

“சரக்கு பத்திரமா எறங்கிட்டாம்.”