முதலில் எரிந்த விளக்கு

சாயங்காலம் அம்மா கம்ப்யூட்டரில் ஏற்றிய தேயிலைக் கொழுந்து எடை, காலையில் காணாமல் போயிருந்தது.

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். திரையில் சனிக்கிழமை எடை அப்படியே நின்றது. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை.

பதினொரு வயது தவமணிக்கு இது மண்டையைக் குடைந்தது. பள்ளி விட்டதும் அவள் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிடுவாள். காலித் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அம்மா சீதா அங்கே டைப்பிஸ்ட். மலையில் யார் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று எடைச் சீட்டுகளைப் பார்த்து ஏற்றுவது அம்மாவின் வேலை. அந்த எடைக்குத் தக்கபடிதான் கூலி. ஏற்றி முடித்ததும் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அமிர்தலிங்கம் சீட்டுகளை வாரிக்கொண்டு போய்த் தொழிற்சாலை அடுப்பில் போட்டுவிடுவார்.

"மெஷின்ல ஏறிடுச்சில்ல? அப்புறம் குப்பை எதுக்கு?" என்பார்.

பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை இதில் வம்பு ஒன்றும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கோலாலம்பூரிலிருந்து லோரியில் புதியது வந்தது.

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. அதற்குள் ஒரு கங்காணி உண்டு. நாம் சொல்லும் கட்டளையை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களை வேலை வாங்குவது அந்தக் கங்காணிதான். அதற்கு இயங்குதளம் என்று பெயர். புதிய கம்ப்யூட்டரில் கங்காணியும் புதிது. பழைய கங்காணிக்குப் புரிந்த சொற்கள் சில, புதியவனுக்குப் புரியாது.

"முன்னாடி எடையை இன்னொரு பிளாப்பித் தட்டுக்கு எடுக்க 'பிப்'னு அடிப்பேன். இப்போ?" என்று அம்மா அன்று கேட்டாள்.

மெஷினைப் பொருத்த வந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பிப்புக்குப் பதிலா காப்பி. வார்த்தைதான் வேற, வேலை ஒண்ணுதான் லா!"

"தேயிலைத் தோட்டத்துல காப்பியா!" என்று அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் இராசம்மா வந்து நின்றாள். கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே கைவேகம் அவளுக்குத்தான்.

"ரெண்டு நாளும் மழைக்கு அப்புறம் துளிர்த்த கொழுந்து, சீதா. கூடை கூடையா இறக்கினேன். எங்க போச்சு?"

"தெரியலையே அக்கா. நான் ஏத்தினேன். காலையில பார்த்தா காணோம்."

"காணோமா, இல்ல உனக்கு வேண்டியவங்க பேர்ல ஏறிடுச்சா?"

அம்மா திரையில் நின்ற சனிக்கிழமை எடையை விரலால் காட்டினாள்.

அன்று காலையிலேயே இராசம்மாவின் மகள் பொன்னி, தவமணியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள். "உன்கூட நடக்க வேணாம்னு அம்மா சொன்னாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

கிராணி ஜன்னலைச் சாத்தினார். "முதல் நாள் கரண்டு போச்சுன்னு விட்டேன். நாளைக்கும் காணோம்னா, நீ கூடையைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிடு. தோட்ட மேனேஜர் துரைகிட்ட சொல்லிட்டேன்."

தவமணி பெட்டியிலிருந்து இறங்கினாள். "கிராணி ஐயா, இன்னிக்கு மட்டும் சீட்டை எரிக்காம வைங்களேன்."

"எதுக்கு?"

"காணாம போனா திரும்பவும் ஏத்தலாமே."

கிராணி அவளை முறைத்தார். பிறகு மேஜை டிராயரைக் கையால் காட்டினார். "ஒரு ராத்திரி கிடக்கட்டும், தொலையுது."

சாயங்காலம் அம்மா அன்றைய எடை முழுவதையும் ஏற்றினாள்; கிராணி சீட்டுகளை டிராயருக்குள் தள்ளிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் தட்டுகளைச் செருக இரண்டு வாய்கள் இருந்தன. இடது வாய்க்கு ஏ என்று பெயர். அதில் அன்றாட வேலைக்கான தட்டு. வலது வாய்க்கு பி. அதில் கிராணி அலமாரியில் பூட்டி வைக்கும் காவல் தட்டு. தினமும் கடைசியில் இடதில் உள்ளதை வலதுக்கு நகல் எடுக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் அல்லவா?

ஒவ்வொரு வாயிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அந்தத் தட்டைக் கம்ப்யூட்டர் படித்தாலும் எழுதினாலும் விளக்கு எரியும். பழைய கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். இடது எரியும், பிறகு வலது. பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டியபடி தவமணி அதற்குத் தாளம் போட்டிருக்கிறாள்.

அம்மா கட்டளையை அடித்தாள். வலது விளக்கு எரிந்தது. பிறகு இடது.

"அம்மா! தப்பா எரியுது!"

"என்னடி?"

"வலது முதல்ல எரியுது. படிக்கிற தட்டுதானே முதல்ல எரியணும்? இன்னிக்கு எடை இடதுலதானே இருக்கு? நீ என்ன அடிச்சே?"

"எப்பவும் போலதான். பி, சமம், ஏ. பிப்பை எடுத்துட்டு காப்பி போட்டேன்."

தவமணி யோசித்தாள். "பழசுகிட்ட எங்க போகணும்னு முதல்ல சொன்னே. புதுசுக்கு எங்கிருந்துன்னு முதல்ல சொல்லணுமோ?"

அதேதான். புதிய கங்காணி சமக்குறியை வெறும் இடைவெளியாக எடுத்துக்கொண்டான். வலதில் இருந்த சனிக்கிழமை எடையை எடுத்து, இடதில் இருந்த இன்றைய எடையின் மேல் எழுதினான். 'ஒரு கோப்பு நகல் எடுக்கப்பட்டது' என்று பணிவாக வேறு சொன்னான்.

அம்மா தன் விரல்களையே பார்த்தாள். "அப்போ நான்தான் அழிச்சேனா? மூணு நாளும்?"

தவமணி டிராயரைத் திறந்து சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அம்மா மறுபடியும் ஏற்றினாள். இந்த முறை ஏ முதலில், பி பிறகு. இடது விளக்கு எரிந்தது. பிறகு வலது.

காலையில் புதன்கிழமை எடை திரையில் இருந்தது.

திங்களும் செவ்வாயும் வரவில்லை. அந்தச் சீட்டுகள் சாம்பலாகிவிட்டன. அந்த இரண்டு நாளுக்கும் எல்லாருக்கும் ஒரே எடை போடச் சொல்லிவிட்டார் துரை. "மெஷின் கோளாறு துரை, நான் சரி பண்ணிட்டேன்" என்றார் கிராணி.

ஆனால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், அம்மா எல்லார் முன்னாலும் போய் நின்றாள். "மெஷின் இல்ல. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். மன்னிச்சிருங்க அக்கா."

இராசம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். "தெரிஞ்சு அழிச்சா என்ன, தெரியாம அழிச்சா என்ன. என் கொழுந்து போனது போனதுதானே, சீதா."

அவள் மலையேறிப் போனாள். அன்றும் பொன்னி முன்னால்தான் நடந்தாள். தவமணி கூப்பிடவில்லை.

சாயங்காலம் தவமணி ஓர் அட்டையைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி, திரைக்குக் கீழே ஒட்டினாள். கிராணி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். கையில் வாரிய சீட்டுகளைத் திரும்பவும் டிராயருக்குள் வைத்தார்.

அட்டையில் இருந்தது இதுதான்: 'எங்கிருந்து என்பது முதலில். எங்கே என்பது பிறகு. காலையில் எடையைத் திரையில் பார்த்த பிறகே சீட்டு அடுப்புக்கு.'