பதினேழாம் பாட்டில்

பதினேழாம் பாட்டிலுக்கு மெஷின் காட்டிய அளவு நேற்றைவிட இன்று ஏறியிருந்தது. அதிகமில்லை, துளிதான். ஆனால் ஏறவே கூடாது. வடிகட்டி, அமிலம் விட்டு, இறுக்கி மூடி, ஒரு வருஷமாகக் குளிரறையில் கிடக்கும் துருவக் கடல் தண்ணீர் அது. அதில் உயிர் என்று ஒன்றும் கிடையாது.

ஆய்வகத்தில் அவள் வேலையே அந்த அளவை எடுப்பதுதான். துருவக் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் தண்ணீரிலுள்ள சிலிக்கானை இழுத்துத் தங்களைச் சுற்றி, வரிசையாய் நுண்துளைகள் கொண்ட கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கின்றன. சிலிக்கானில் இலேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. பாசிக்கு இலேசானதுதான் இஷ்டம். அதைத் தின்றுவிட்டுக் கனமானதை மிச்சம் வைக்கும். மிச்சம் கனத்து அளவு ஏறியிருந்தால் ஏதோ ஒன்று சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் தூக்கம் சரியில்ல," என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் ஆய்வகத் தலைவர்.

தூக்கமாம், தூக்கம்! ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கத்துக்கு அவள் எங்கே போவாள்? இரண்டு மாதமாக மகளுக்கு எடையே ஏறாமல் இருந்தது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதாள். போன வாரத்திலிருந்துதான் ஏறத் தொடங்கியிருக்கிறது.

மதியம் கணவன் போனில் கத்தினான். "உன் பொண்ணு இன்னிக்கும் நூத்தம்பது கிராம் கூடிட்டா! தூக்கினா கை கடுக்குது."

"பால் குடிச்சாளா?"

"எங்க குடிச்சா? மூணு நாளா வாயே வைக்கல. ஆனா அழுகையே இல்ல. சமர்த்தா ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்கா."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்த பிறகு சிரிப்பு நின்றது.

குடிக்காத பிள்ளைக்கு எடை எப்படி ஏறும்?

போன வாரம் பால் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். மார்பில் பால் கட்டி, வலியில் உயிர்போனது. அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் பாட்டிலில் பாலை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அமிலத்தில் ஊறியதைவிடச் சுத்தமான பாட்டில் உலகத்தில் உண்டா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பதினேழாம் எண் தண்ணீருக்கு இரண்டு பாட்டில்கள். ஒன்றை அளந்து, காலி செய்து, கழுவிக் கவிழ்த்தது அவள்தான். பால் எடுத்ததும் அதில்தான்.

மீதமிருந்த பாட்டிலைக் காதருகே கொண்டுபோனாள். குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு அடியில், பக்கத்து அறையில் ஓடும் பம்பின் துடிப்புக்கும் அடியில், ஈர மணலை யாரோ நிதானமாக மென்றுகொண்டிருப்பது போன்ற சத்தம் கேட்டது. காதை எடுத்தாள். நின்றது. வைத்தாள். மென்றது.

இந்த ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடியே சிலிக்கான்தான், பட்டால் அளவு கெட்டுவிடும். வீட்டில் அப்படியா?

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வெயில் இன்னும் சாயவில்லை. மாடிப்படியில் பாதி ஏறும்போதே கேட்டது, அதே சத்தம். இப்போது சற்றுப் பெரிதாக. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது.

கணவன் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பாவம், அசதி. திரைச்சீலை ஆடியது. சாத்திய ஜன்னலில் காற்று ஏது?

கிட்டே போனாள்.

ஜன்னல் கண்ணாடியின் அடிப்பகுதி இல்லை. ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன அரைவட்டங்கள். தரையில் ஒரு சில்லு இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பாப்பா..."

சத்தம் நின்றது. மகள் திரும்பினாள். அம்மாவைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலிருந்த வெயில் அவள் கன்னத்தின் ஊடாக வந்தது. உள்ளே வரிசை வரிசையாக, நுணுக்கமான துளைகள்.

தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவள் குனிந்தாள். பெற்றவள், குனியாமல் என்ன செய்வாள்? சில்லென்ற விரல்கள் அவள் கழுத்தைத் தாண்டின. கன்னத்தைத் தாண்டின. மூக்கின் மேலிருந்த கண்ணாடியை இறுகப் பற்றின.

பல் முளைக்காத வாய் திறந்தது.