சுவருக்குத் தாகம்

பள்ளிக்கூடத்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புதுச் சுவர் எழும்பியிருந்தது. சில்லு அதைப் போய்ப் போய்ப் பார்த்தாள். பின்னே, அம்மா கட்டிய சுவராச்சே! பார்க்கும்போதெல்லாம் பெருமை தாங்கவில்லை.

ஆள் செங்கல் சில்லு மாதிரி இத்துனூண்டு. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

அம்மா இத்தனை வருடமும் சித்தாள். மணல் சலிப்பாள், கலவைச் சட்டி சுமப்பாள். கரணை பிடித்துக் கல் வைப்பது கொத்தனார் வேலை. கண் பார்த்ததைக் கை செய்யும் என்பார்களே, அப்படி அதையும் கற்றுக்கொண்டாள். மேஸ்திரி முதன்முதலாக இந்தச் சுவரை அவளிடம் விட்டார். செங்கலை ஊறவைத்து, சாயாமல் நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, வரி வரியாக அவளே கட்டி முடித்தாள்.

"வெடிப்பு விட்டுச்சுன்னா மறுபடி சட்டி தூக்கத்தான் போகணும், பாத்துக்கம்மா" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

இப்போது அம்மா வேறொரு இடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேனின் பொறுப்பு. அன்று பார்த்தால் சுவர் ஈரமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணே, தண்ணி ஊத்தலையா?"

"மோட்டார் படுத்துடுச்சு பாப்பா. இந்த வாரம் பூரா தொட்டியில குடிக்க மட்டும்தான் தண்ணி."

சில்லு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா மறுபடியும் சட்டி தூக்குவதா?

பக்கத்தில் நின்ற கேள்விக்குறி வாயைத் திறந்தான். வகுப்பில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவன் அவன்.

"சுவருக்கு எதுக்குத் தண்ணி? ஊத்துனா வளருமா?"

"வளராதுடா! கலவையில சிமெண்ட் இருக்குல்ல? அது ஈரத்துலதான் பலமாகும். சீக்கிரம் காஞ்சா வெடிச்சுடும். ஒரு வாரம் ஈரமாவே இருக்கணும்."

"அப்ப தண்ணிக்கு என்ன பண்ணுவ?"

சில்லு சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

சாயங்கால மணி அடித்தது. வழக்கம்போல எல்லாரும் வாசலில் நின்று, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார்கள். பை கனக்கக் கூடாதாம்!

சில்லு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"கொட்டாதீங்க! அந்தத் தண்ணியச் சுவருக்குத் தாங்க!"

"சுவருக்கா?" என்று சிரித்தார்கள்.

"எங்கம்மா கட்டுன சுவரு. அது காஞ்சா அம்மா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்."

முதலில் கேள்விக்குறிதான் பாட்டிலைத் திறந்தான். அவன் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஊற்றிய தண்ணீரைச் சுவர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது.

"அடேயப்பா, என்ன தாகம்!"

"ஆனா ராத்திரியே காஞ்சுடுமே?" என்றான் கேள்விக்குறி.

நல்ல கேள்வி. சில்லு யோசித்தாள். வாட்ச்மேனிடம் பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, மிச்ச பாட்டில் தண்ணீரில் நனைத்துச் சுவர் முழுவதும் போர்த்தினாள்.

மறுநாளிலிருந்து பலர் வீட்டிலிருந்தே கூடுதலாக ஒரு பாட்டில் கொண்டு வந்தார்கள். ஒருத்தன் பழச்சாற்றையே ஊற்றப் போய்விட்டான். "டேய், சுவருக்கு இனிப்பு ஆகாதுடா!" என்று சில்லு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் போனது. மேஸ்திரி அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். மோட்டார் விஷயம் வாசலில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

மேஸ்திரி சாக்கை விலக்கினார். சுவரைத் தடவினார். சுத்தியலால் லேசாகத் தட்டினார். டங் டங் என்று கேட்டது. பிறகு குனிந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சில்லுவும் மற்றப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லையே! தண்ணி யாரு ஊத்துனது?"

"நாங்க!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

அம்மா சில்லுவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

மேஸ்திரி கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நடந்தார். "சரி, வாங்க கொத்தனாரே, அடுத்த சுவருக்கு அளவெடுப்போம்."

அம்மா நகரவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உன்னைத்தான்!" என்றாள் சில்லு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி.